மூத்த வீரர் ஒப்பந்த மதிப்பு

மூத்த வீரர் ஒப்பந்த மதிப்பு என்பது, தொழில்முறை அணி விளையாட்டுகளில் நெடுங்காலம் ஆடிவிட்ட ஒரு வீரருக்கு அடுத்த ஒப்பந்தத்தில் எவ்வளவு ஊதியம் தரலாம் என்று அணி நிருவாகம் கணித்து முடிவு செய்யும் தொகையாகும். அமெரிக்கக் காற்பந்தில் முப்பது வயதைத் தாண்டிய பந்து பெறுநர்களைப் பற்றி இக்கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு, கிரிக்கெட் எனப் பரவலாக அழைக்கப்படும் துடுப்பாட்டத்தின் இந்தியன் பிரீமியர் லீக் (ஐபிஎல்) தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தன் மூத்த வீரர்களுக்கு விலை வைத்த முறையாகும். அத்தொடரின் முதல் ஏலத்தில் மிக உயர்ந்த விலைக்குப் போன மகேந்திரசிங் தோனி, 2024 இல் 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைக்கப்பட்டார். இம்மதிப்பீட்டில் ஆட்டத்திறனுக்கு உள்ள பங்கு எவ்வளவு, தொடரின் விதிகளுக்கு உள்ள பங்கு எவ்வளவு என்பதை அறிய இந்நிகழ்வு பெரிதும் உதவுகிறது.

சிக்கலின் தன்மை

ஒரு வீரர் முன்பு என்ன செய்தார் என்பது பதிவேட்டில் உள்ளது. ஆனால் ஒப்பந்தம் அதற்காகப் போடப்படுவதில்லை. அடுத்து வரும் ஒன்று அல்லது மூன்று ஆண்டுகளில் அவர் என்ன செய்வார் என்பதற்காகவே போடப்படுகிறது. இளம் வீரரைப் பொறுத்தவரை பழைய பதிவு குறைவாகவும் வளர்ச்சிக்கான வாய்ப்பு மிகுதியாகவும் இருக்கும். மூத்த வீரரிடம் பதிவு மிகுதி. ஆனால் அப்பதிவின் கடைசிப் பக்கங்களில் தெரியும் சரிவு தற்காலிகமானதா, திரும்பி வராததா என்று சொல்வது கடினம். ஒரு பருவம் என்பது 14 ஆட்டங்கள். இவ்வளவு சிறிய அளவிலான தரவை வைத்துக்கொண்டு 36 வயதுடைய ஒருவரின் எதிர்காலத்தைக் கணிப்பது, நான்கு நாள் மழையைப் பார்த்துவிட்டு அவ்வாண்டு வைகையில் எவ்வளவு நீர் வரும் என்று சொல்வதைப் போன்றது.

அமெரிக்காவின் தேசியக் காற்பந்து லீக்கில் (என்.எஃப்.எல்) 1994 முதல் அணி ஊதியத்துக்கு உச்சவரம்பு உள்ளது. 2025 இல் இவ்வரம்பு ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர் ஆகும். பந்து பெறுநர் என்பவர் எறிபவர் வீசும் பந்தை ஓடிச் சென்று பிடித்து முன்னேறும் ஆட்டக்காரர். விரைவும் திடீரெனத் திசை மாறும் ஆற்றலும் இவருக்கு மூலதனம். வயது முதலில் தொடுவதும் இவற்றைத்தான். ஆகவே அணிகள் இவர்களுடன் நீண்ட ஒப்பந்தம் செய்யத் தயங்குகின்றன. அங்கு ஒப்பந்தத்தில் எழுதப்படும் மொத்தத் தொகையைவிட, அதில் எவ்வளவு உறுதியளிக்கப்பட்டது என்பதே முக்கியமானது. உறுதியளிக்கப்படாத பகுதியை, வீரரை நீக்கிவிட்டால் அணி தர வேண்டியதில்லை. அரிசோனா அணியின் லாரி ஃபிட்சரால்டு தன் ஆட்ட வாழ்வின் கடைசிப் பருவங்களை ஓராண்டு ஒப்பந்தங்களிலேயே ஆடி முடித்தார்.

எனினும் வயது எல்லோருக்கும் ஒரே கணக்கில் ஓடுவதில்லை. ஜெர்ரி ரைசை 2001 இல் சான் பிரான்சிஸ்கோ அணி விடுவித்தது. அடுத்து அவர் சேர்ந்த ஓக்லாந்து அணிக்காக 2002 பருவத்தில், 40 வயதை எட்டிய நிலையில், 92 பந்துகளைப் பிடித்து 1,211 கெசம் முன்னேறினார். அப்பருவத்தின் முடிவில் 2003 சனவரியில் நடந்த இறுதிப் போட்டியிலும் ஆடினார். இவரை விடுவித்த அணியின் கணிப்பு பொதுவாகப் பார்த்தால் தவறன்று. இந்த ஒரு வீரரைப் பொறுத்தவரை தவறாகிவிட்டது.

ஐபிஎல் தொடரில் விலை முடிவாகும் முறை

என்.எஃப்.எல்லில் வீரரின் முகவரும் அணியும் பேசித் தொகையை முடிவு செய்கின்றனர். ஐபிஎல்லில் பெரும்பாலான வீரர்களின் விலை பொது ஏலத்தில் முடிவாகிறது. வீரர் தன் அடிப்படை விலையை மட்டுமே குறிப்பிடலாம். அதற்கு மேல் எவ்வளவு என்பதை அணிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு முடிவு செய்கின்றன. ஏலத்தில் அறிவிக்கப்படும் தொகை ஒரு பருவத்துக்கான ஊதியமாகும். ஒப்பந்தம் தொடர்ந்தால் அடுத்த பருவத்துக்கும் அதே தொகை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் வீரரை விடுவிக்கும் உரிமை அணிக்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேரேலம் நடைபெறும். அப்போது ஓர் அணி சில வீரர்களை மட்டும் ஏலத்துக்கு விடாமல் தக்கவைத்துக் கொள்ளலாம். தக்கவைக்கப்படும் முதல் வீரருக்கு இவ்வளவு, இரண்டாம் வீரருக்கு இவ்வளவு என்று விதியே தொகையைக் குறித்து, அதனை அணியின் செலவு வரம்பில் கழித்துக்கொள்கிறது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. தக்கவைக்கப்படும் வீரருக்கு ஏலத்தில் என்ன விலை கிடைத்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. அவரது விலை என்று நாளிதழ்களில் வருவது பெரும்பாலும் வரிசை எண்ணின் விலைதான்.

செலவு வரம்பு இருப்பதால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு மாற்றுப் பயன் உண்டு. 2025 பருவத்தில் வரம்பு 120 கோடி ரூபாய். அணியில் 18 முதல் 25 பேர் வரை இருக்கலாம். 25 பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 4.8 கோடி வரும். ஆகவே ஒரு மூத்த வீரருக்கு 10 கோடி தரலாமா என்ற கேள்வியை, அந்த 10 கோடிக்கு வேறு யார் கிடைப்பார் என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது. அதே வேலையை 2 கோடிக்குச் செய்யக்கூடியவர் சந்தையில் இருந்தால், எவ்வளவு பெரிய வீரராயினும் விலை இறங்கும். விக்கெட் காப்பாளராகவும் மட்டையாளராகவும் ஆடக்கூடிய இந்தியரோ, இடக்கை வேகப்பந்து வீச்சாளரோ அரிதாக இருந்தால் நடுத்தர வீரருக்குக்கூட விலை ஏறும்.

தோனியின் விலை

ஆண்டுகள் செல்லச் செல்ல வரம்பும் உயர்ந்து வந்துள்ளதால், வெறும் தொகையை ஒப்பிடுவதில் பொருளில்லை. வரம்பில் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பதே பொருத்தமாகும். தோனிக்காக அவரது அணியின் வரம்பில் கணக்கிடப்பட்ட தொகைகள் வருமாறு:

2008 – 15 இலட்சம் டாலர் (வரம்பு 50 இலட்சம் டாலர்) – 30 விழுக்காடு
2011 – 18 இலட்சம் டாலர் (வரம்பு 90 இலட்சம் டாலர்) – 20 விழுக்காடு
2014 – 12.5 கோடி ரூபாய் (வரம்பு 60 கோடி) – 20.8 விழுக்காடு
2018 – 15 கோடி ரூபாய் (வரம்பு 80 கோடி) – 18.75 விழுக்காடு
2022 – 12 கோடி ரூபாய் (வரம்பு 90 கோடி) – 13.3 விழுக்காடு
2025 – 4 கோடி ரூபாய் (வரம்பு 120 கோடி) – 3.3 விழுக்காடு

2024 நவம்பரில் செட்டா நகரில் நடந்த ஏலத்தில் ரிசப் பண்ட் 27 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்டது ஐபிஎல் வரலாற்றில் அதுவரை இல்லாத உயர்ந்த விலையாகும். ஆனால் அது வரம்பில் 22.5 விழுக்காடே. இந்த அளவுகோலில் 2008 இன் தோனி அவரைவிட விலை மிக்கவர்.

2008 பெப்ரவரி 20 அன்று மும்பையில் முதல் ஏலம் நடந்தபோது தோனிக்கு வயது 26. சச்சின் டெண்டுல்கர், ராகுல் திராவிட் போன்றோர் தத்தம் நகர அணிகளுக்கு அடையாள வீரர்களாக ஒதுக்கப்பட்டிருந்தனர். அத்தகைய வீரருக்கு, அவரது அணியில் அடுத்த நிலையில் உள்ளவரைவிட 15 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. சென்னைக்கு அடையாள வீரர் எவரும் இல்லை. எனவே வேறு ஒருவரை விலைக்கு வாங்கினால் இன்னொருவரின் ஊதியமும் சேர்ந்து ஏறும் என்ற தொல்லை அதற்கு இல்லை. அந்த அணி 15 இலட்சம் டாலர் வரை செல்ல முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

2022 பருவத்துக்கான தக்கவைப்பில் இரவீந்திர ஜடேஜா 16 கோடியுடன் முதல் இடத்திலும் தோனி 12 கோடியுடன் இரண்டாம் இடத்திலும் வைக்கப்பட்டனர். அப்போது தோனிக்கு வயது 40. 2023 பருவத்தில் அவர் எடுத்த மொத்த ஓட்டங்கள் 104 மட்டுமே. ஆயினும் அவரது தலைமையில் அணி அவ்வாண்டு ஐந்தாவது முறையாகக் கோப்பையை வென்றது. 2024 இல் அவர் சந்தித்த 73 பந்துகளில் 161 ஓட்டங்கள் எடுத்தார். அதாவது 100 பந்துகளுக்கு 220 என்ற வேகம். இவ்விரு பருவங்களையும் வைத்துப் பார்த்தால், அவர் கடைசி இரண்டு ஓவர்களுக்கான மட்டையாளராக மாறிவிட்டார் என்பது புலனாகும். அந்த வேலையை அவர் சிறப்பாகவே செய்தார். ஆனால் ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஐந்தாறு பந்துகளை மட்டும் சந்திப்பவருக்கு வரம்பில் எத்தனை விழுக்காடு ஒதுக்கலாம் என்பதே அணியின் முன் இருந்த கேள்வி.

இக்கேள்விக்கு விடையளித்தது விதி. ஓர் இந்திய வீரர், பருவத்துக்கு முந்தைய ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் பன்னாட்டுப் போட்டி எதிலும் தொடக்கப் பதினொருவரில் ஆடியிராவிட்டாலோ, இந்திய வாரியத்தின் மைய ஒப்பந்தம் பெற்றிராவிட்டாலோ, அவர் பன்னாட்டுப் போட்டியில் ஆடாத வீரர் என்ற வகையில் சேர்க்கப்படுவார். தொடக்க காலத்திலிருந்து வழக்கில் இருந்து, 2021 ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் கைவிடப்பட்ட இவ்விதி 2024 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. தோனி கடைசியாக இந்தியாவுக்கு ஆடியது 2019 சூலையில், மான்செசுட்டரில் நியூசிலாந்துக்கு எதிராக நடந்த உலகக்கோப்பை அரையிறுதியில். ஆகவே இரண்டு உலகக்கோப்பைகளை வென்ற அணித்தலைவர், இந்தியாவுக்கு ஒருமுறைகூட ஆடியிராத இளைஞர்களுக்கு உரிய வரிசையில், அவ்வரிசைக்குக் குறிக்கப்பட்ட 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைக்கப்பட்டார்.

அணிக்கு இதனால் எவ்வளவு மிச்சம் என்பதைத் துல்லியமாகவே கணக்கிடலாம். 2024 அக்டோபர் 31 அன்று சென்னை அணி ருதுராஜ் கெயிக்வாடு, ஜடேஜா ஆகியோரைத் தலா 18 கோடிக்கும், மதீச பத்திரனவை 13 கோடிக்கும், சிவம் துபேயை 12 கோடிக்கும், தோனியை 4 கோடிக்கும் தக்கவைத்தது. மொத்தம் 65 கோடி. தோனியைப் பன்னாட்டு வீரர் என்ற வகையிலேயே ஐந்தாமவராகத் தக்கவைத்திருந்தால் விதிப்படி 75 கோடி கழிந்திருக்கும். மிச்சமான 10 கோடி என்பது, பின்னர் ஏலத்தில் ஆப்கானித்தானின் சுழற்பந்து வீச்சாளர் நூர் அகமதுவுக்கு அந்த அணி கொடுத்த விலைக்குச் சரியாகச் சமம். நூர் அகமது 2025 பருவத்தில் 24 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனவே 4 கோடி ரூபாயைத் தோனியின் மதிப்பு என்று கொள்வதைவிட, அணியில் அவர் நீடிப்பதற்கு வரம்பிலிருந்து அணி கொடுத்த விலை என்று கொள்வதே சரியாகும்.

2025 பருவத்தில் தோனி 196 ஓட்டங்கள் எடுத்தார். ருதுராஜ் காயமடைந்து விலகியதால் ஏப்பிரலில் மீண்டும் அணித்தலைவரானார். அணி பத்து அணிகளுள் கடைசி இடத்தைப் பெற்றது. 2026 பருவத்துக்கும் அவர் தக்கவைக்கப்பட்டார்.

2018: மலிவாகக் கிடைத்த மூத்தவர்கள்

மூத்த வீரர்களின் விலை பொதுவாக மிகையாகவே இருக்கும் என்ற கருத்துக்கு எதிரான சான்று 2018 ஏலத்தில் கிடைக்கிறது. இரண்டாண்டுத் தடைக்குப் பின் மீண்ட சென்னை அணி, அந்த ஏலத்தில் முப்பதைக் கடந்தவர்களைத் தொடர்ந்து வாங்கியது. அதனை முதியோர் படை என்று பலரும் கேலி செய்தனர். 36 வயதான சேன் வாட்சனின் விலை 4 கோடி; 32 வயதான அம்பாட்டி ராயுடுவின் விலை 2.2 கோடி. அப்பருவத்தில் ராயுடு 602 ஓட்டங்களும் வாட்சன் 555 ஓட்டங்களும் எடுத்தனர். இறுதிப் போட்டியில் வாட்சன் 57 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்துக் கோப்பையை வென்று தந்தார். வரம்பில் எட்டு விழுக்காட்டுக்கும் குறைவான தொகையில் 1,157 ஓட்டங்கள் கிடைத்தன. அதே ஏலத்தில் 1 கோடிக்கு வாங்கப்பட்ட இம்ரான் தாகிர், 2019 இல் தன் 40 ஆம் வயதில் 26 விக்கெட்டுகள் வீழ்த்தி, தொடரில் மிகுதியான விக்கெட்டுகள் எடுத்தவருக்கான ஊதா நிறத் தொப்பியைப் பெற்றார்.

இதிலிருந்து முதியவர்களை வாங்கினால் வெற்றி என்று முடிவு கட்டிவிடலாகாது. பிற அணிகள் பிறந்த ஆண்டைப் பார்த்துக் கைவிட்டதால் இவர்கள் மலிவாகக் கிடைத்தனர் என்பதே உண்மை. நான்கு ஓவர் வீசும் சுழற்பந்து வீச்சாளருக்கும் இருபது ஓவர் ஆட்டத்தின் தொடக்க மட்டையாளருக்கும் வயது அவ்வளவு விரைவில் சுமையாவதில்லை. பந்து பெறுநரின் கால்களுக்கு உள்ள கணக்கை இவர்களுக்குப் பொருத்தியதே சந்தை செய்த பிழை.

தமிழ்நாட்டின் தினேசு கார்த்திக் இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. 2018 இல் கொல்கத்தா அவரை 7.4 கோடிக்கு வாங்கியது. 2022 இல் 36 வயதான அவரை 5.5 கோடிக்கு வாங்கிய பெங்களூர் அணி, இறுதி ஓவர்களில் அடித்தாடும் ஒரே பணியைக் கொடுத்தது. 100 பந்துகளுக்கு 183 என்ற வேகத்தில் 330 ஓட்டங்கள் எடுத்து, அவ்வாண்டே இந்திய அணிக்குத் திரும்பினார்.

ரெய்னாவும் அஸ்வினும்

2022 பெப்ரவரியில் பெங்களூரில் நடந்த ஏலத்தில் சுரேசு ரெய்னாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது எந்த அணியும் கை உயர்த்தவில்லை. அவரது அடிப்படை விலை 2 கோடி. ஐபிஎல்லில் 205 ஆட்டங்களில் 5,528 ஓட்டங்கள் எடுத்தவர். சென்னை அணியின் முதல் பருவத்திலிருந்து ஆடியவர். தமிழ்நாட்டு இரசிகர்களால் சின்னத் தல என்று அழைக்கப்பட்டவர். ஆனால் முந்தைய 2021 பருவத்தில் 12 ஆட்டங்களில் அவர் எடுத்தவை 160 ஓட்டங்கள். பழைய பதிவு எவ்வளவு பெரிதாயினும் அதற்கென ஏலத்தில் தனி விலை இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு ஐபிஎல் வரலாற்றில் இல்லை எனலாம். 2022 செப்டம்பரில் அவர் எல்லா வகைப் போட்டிகளிலிருந்தும் ஓய்வு பெற்றார்.

இரவிச்சந்திரன் அஸ்வினின் விலை வேறு வழியில் சென்றது. 2011 இல் 24 வயதில் சென்னை அவரை 8.5 இலட்சம் டாலருக்கு வாங்கியது (வரம்பில் 9.4 விழுக்காடு). 2018 இல் பஞ்சாப் 7.6 கோடிக்கும் (9.5 விழுக்காடு), 2022 இல் இராசத்தான் 5 கோடிக்கும் (5.6 விழுக்காடு) வாங்கின. 35 வயதில் கண்ட இச்சரிவு எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் 2024 நவம்பரில், 38 வயதில், சென்னை அவரை 9.75 கோடிக்கு மீண்டும் வாங்கியது. இது வரம்பில் 8.1 விழுக்காடு, முன் சொன்ன சராசரியான 4.8 கோடியின் இரு மடங்கு. 2 கோடியில் தொடங்கிய விலை அங்கு வரை ஏறியதற்கு, வேறு அணிகளும் விடாமல் கேட்டதே நேரடிக் காரணம். சேப்பாக்கத்து ஆடுகளம் சுழலுக்கு ஏற்றது என்ற பழைய அனுபவமும் சென்னையின் கணக்கில் இருந்திருக்க வேண்டும்.

2025 பருவத்தில் அவர் 9 ஆட்டங்களில் 7 விக்கெட்டுகள் எடுத்தார். ஓவருக்கு 9 ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். அதே ஆண்டு ஆகத்து 27 அன்று ஐபிஎல் தொடரிலிருந்து ஓய்வை அறிவித்தார். தொகையை விக்கெட்டுகளால் வகுத்து, ஒரு விக்கெட்டுக்கு 1.39 கோடி என்று கணக்கிடும் வழக்கம் இரசிகர்களிடம் உண்டு. தாகிருக்கு இதே கணக்கில் ஒரு விக்கெட்டுக்கு நான்கு இலட்சத்துக்கும் குறைவாகவே வரும். இக்கணக்கு வேடிக்கையாக இருந்தாலும் ஏலத்தின் தரத்தை அளக்க உதவாது. ஏலத்தன்று அணிக்குத் தெரிந்திருந்தவற்றை வைத்தே அம்முடிவை மதிப்பிட வேண்டும்.

மதுரை வட்டாரமும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும்

2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடரில் மதுரையின் பெயரில் ஓர் அணி தொடக்கம் முதல் ஆடி வருகிறது. மதுரை பாந்தர்ஸ் என்ற பெயரில் 2018 இல் கோப்பையை வென்றது. மதுரைக்கு அருகில் உள்ள நத்தத்தில் அமைந்த கல்லூரி மைதானம், திண்டுக்கல் அணியின் களமாகப் பல பருவங்களாக விளங்கியது. இதனால் பன்னாட்டு ஆட்டம் எதுவும் நடந்திராத இவ்வட்டார மக்களும் முன்னணி வீரர்களை நேரில் காணும் வாய்ப்பைப் பெற்றனர்.

2023 பெப்ரவரியில் இத்தொடரிலும் முதன்முறையாக ஏலம் நடந்தது. ஓர் அணிக்கான வரம்பு 70 இலட்சம் ரூபாய். கோவை அணி சாய் சுதர்சனை 21.6 இலட்சத்துக்கு வாங்கியது. இது வரம்பில் ஏறத்தாழ 31 விழுக்காடு. அப்போது ஐபிஎல்லில் குசராத்து அணி அவருக்குக் கொடுத்த ஊதியம் 20 இலட்சமே. அதாவது மாநிலத் தொடரின் விலை ஐபிஎல் விலையைவிட உயர்ந்திருந்தது. 2025 பருவத்துக்கு முன் அதே குசராத்து அணி அவரை 8.5 கோடிக்குத் தக்கவைத்தது. டிஎன்பிஎல்லின் அதே ஏலத்தில், ஏற்கெனவே இந்தியாவுக்கு ஆடியிருந்த வாசிங்டன் சுந்தரை மதுரை அணி 6.75 இலட்சத்துக்கு வாங்கியது. இந்திய அணிக்கு ஆடுபவர் மாநிலத் தொடர் முழுவதும் கிடைப்பார் என்பது உறுதியில்லை. புகழை விட, எத்தனை நாள் களத்தில் இருப்பார் என்பதற்கே இங்கு விலை. மூத்த வீரர்களின் காயங்களையும் ஓய்வுத் தேவையையும் அணிகள் கணக்கிடுவது இதே அடிப்படையில்தான்.

ஐபிஎல்லில் விலை இறங்கிக் கொண்டிருந்த காலத்தில் அஸ்வின் திண்டுக்கல் அணியின் தலைவராக ஆடி, 2024 இல் அந்த அணி முதல் முறையாக டிஎன்பிஎல் கோப்பையை வெல்லக் காரணமானார். அவ்வாண்டின் செட்டா ஏலத்துக்கு மூன்று மாதங்கள் முன்பு இது நிகழ்ந்தது.

2025 அக்டோபரில் மதுரையில் வேலம்மாள் கல்விக் குழுமம் அமைத்த துடுப்பாட்ட மைதானத்தைத் தோனி திறந்து வைத்தார். அவருடைய அணி கடைசி இடத்தைப் பெற்ற ஆண்டு அது. செலவு வரம்பின் 3.3 விழுக்காடு பெற்ற வீரரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தை எந்தத் தக்கவைப்பு வரிசையிலும் எழுத முடியாது. ஆனால் நுழைவுச் சீட்டு, விளம்பரம், அணிச் சீருடை விற்பனை ஆகியவற்றின் வழியாக அக்கூட்டம் அணி உரிமையாளரின் வருவாயில் இடம்பெறுகிறது. இந்த வருவாய்க்குச் செலவு வரம்பு இல்லை.

விமர்சனங்கள்

ஐந்தாண்டு விதி தோனிக்காகவே மீட்கப்பட்டது என்ற விமர்சனம் 2024 இல் பரவலாக எழுந்தது. இவ்விதியால் பயன்பட்ட வீரர் அவர் மட்டும் அல்லர். இராசத்தான் அணி சந்தீப் சர்மாவை இதே வகையில் 4 கோடிக்குத் தக்கவைத்தது. ஏலத்துக்குச் சென்றால் அதைவிடக் குறைவாகவே கிடைக்கக்கூடும் என்ற நிலையில் உள்ள மூத்த வீரருக்கு இவ்விதி நன்மையானது. ஏலத்தில் 4 கோடியைவிடப் பன்மடங்கு பெறக்கூடிய வீரருக்கோ, அவரே அதற்கு இசைந்தால் ஒழிய, இது இழப்பாகும். 2025 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனியாக 7.5 இலட்சம் ரூபாய் ஆட்டக் கட்டணம் வழங்கப்படுவதால், 14 ஆட்டங்களிலும் ஆடுபவருக்கு 1.05 கோடி கூடுதலாகக் கிடைக்கிறது. 4 கோடி பெறும் வீரருக்கு இது ஊதியத்தில் கால் பங்குக்கு மேல்.

ஏல முறையில் வீரருக்குப் பேரம் பேசும் இடமே இல்லை என்பது மற்றொரு குறை. எந்த ஊருக்கு ஆடப் போகிறோம் என்பதைக்கூட மேசையில் யார் கடைசியாகக் கை உயர்த்துகிறார் என்பதே முடிவு செய்கிறது. ஓரளவு விலக்காக அமைவது அணிகளுக்கிடையேயான வீரர் மாற்றமாகும். 2025 நவம்பரில் ஜடேஜாவும் சாம் கரனும் இராசத்தான் அணிக்கும், சஞ்சு சாம்சன் சென்னைக்கும் மாற்றப்பட்டனர். சாம்சனின் 18 கோடி ஊதியம் மாறவில்லை. அடுத்த மாதம் 37 வயதை எட்டவிருந்த ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டது.